இன்ஜெக்டர் பராமரிப்பு: சிறு கவனம், நிலையான சேமிப்பு

வங்கிக் கடனில் வாங்கிய வாகனம் பணிமனையில் நிற்கும் நாளிலும் மாதத் தவணை நிற்பதில்லை. சரக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கோ அந்நாளின் வருவாயும் இல்லாமற் போகிறது. ஆதலின், பழுது வந்தபின் செலவிடுவதினும் வருமுன் காப்பதே சிக்கனம். இவ்வகையில் அதிகம் கவனிக்கப்படாத உறுப்பு, எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ். 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வந்த இருசக்கர வாகனங்களிலும் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரின் இடத்தை இன்ஜெக்டர் பெற்றுவிட்டது.

பணியும் படிவும்

எவ்வளவு எரிபொருளை, எந்நேரத்தில் தெளிக்க வேண்டும் என்பதை மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி தீர்மானிக்கிறது. காரின் டயரில் உள்ள காற்றழுத்தம் ஏறத்தாழ 2 பார். சாதாரணப் பெட்ரோல் இன்ஜெக்டர் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் இயங்குகிறது. காமன் ரெயில் டீசல் எஞ்சினிலோ அழுத்தம் 1,000 பாருக்கும் மேற்செல்லும்.

எஞ்சினை நிறுத்தியதும் இன்ஜெக்டர் நுனியில் எஞ்சிய எரிபொருள் வெப்பத்தால் உலர்ந்து பிசின்போல் படிகிறது. அடிக்கடி குறுந்தொலைவே ஓடும் வண்டியில் இப்படிவு மிகும். துளை சுருங்கினால், நுண்துளிகளாகத் தெளிக்க வேண்டிய எரிபொருள் சீரற்று ஒழுகும்.

அறிகுறிகள்

எஞ்சின் எளிதில் உயிர்பெறாமை, நின்ற நிலையில் அதிர்வு, மைலேஜ் குறைதல், கரும்புகை, எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிதல் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. ஆயினும், அழுக்கடைந்த காற்று வடிகட்டியும் தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும் இதே தொல்லைகளைத் தரக்கூடும். எனவே, முதலில் ஸ்கேனர் மூலம் பழுதுக் குறியீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வடிகட்டிகளையும் பிளக்கையும் சோதித்த பின்னரே இன்ஜெக்டர் துப்புரவுக்கு ஒப்புதல் அளியுங்கள்.

துப்புரவு முறைகள்

இலேசான படிவை, இன்ஜெக்டரைக் கழற்றாமலே துப்புரவுத் திரவத்தைச் செலுத்தி நீக்கலாம். கடினமான படிவாயின், இன்ஜெக்டரைக் கழற்றி அல்ட்ராசோனிக் கருவியில் தூய்மை செய்வர். அப்போது, துப்புரவுக்கு முன்னும் பின்னும் எரிபொருள் பாயும் அளவையும் தெளிக்கும் விதத்தையும் காட்டுமாறு கேளுங்கள். திரும்பப் பொருத்துகையில் ரப்பர் வளையங்களைப் புதிதாக இடுதல் வேண்டும்.

கம்பியால் துளையைக் குத்துதல் கூடாது. துளையின் வடிவமே கெட்டுவிடும். டீசல் எஞ்சினின் உயர் அழுத்தக் குழாயை வீட்டில் தளர்த்தவே கூடாது. அதிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகக்கூடியது.

வருமுன் காக்க

1. எரிபொருள் வடிகட்டியைக் கையேடு குறிப்பிடும் கால அளவில் மாற்றுங்கள்.

2. எரிபொருளின் தரத்தில் ஐயம் எழுந்தால், பெட்ரோல் நிலையத்தில் வடிதாள் கேட்டுப் பெறுங்கள். அது வாடிக்கையாளரின் உரிமை. குழாய் முனையைத் துடைத்து, ஒரு துளிப் பெட்ரோலைத் தாளில் விடுங்கள். தூய பெட்ரோல் ஏறத்தாழ 2 நிமிடத்தில் கறையின்றி ஆவியாகும். இளஞ்சிவப்புச் சாயல் மட்டும் எஞ்சினால் கவலை வேண்டா. அது பெட்ரோலின் நிறமே.

3. தொட்டியை வற்றவிடாதீர்கள். தொட்டிக்குள் இருக்கும் பம்ப், எரிபொருளாலேயே குளிர்ச்சி பெறுகிறது.

4. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும். தொட்டியின் மூடியை இறுக மூடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் விடாதீர்கள்.

5. டீசல் வாகனத்தின் வடிகட்டியில் தங்கும் நீரைக் குறித்த காலத்தில் வடித்துவிடுங்கள்.

6. தயாரிப்பாளர் ஏற்காத துப்புரவுத் திரவங்களைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

கணக்கு

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் இருசக்கர வாகனத்தின் மைலேஜ் 50 கிலோமீட்டரிலிருந்து 45 ஆகக் குறைந்தால், ஆண்டுக்கு 26 லிட்டருக்கும் மேல் கூடுதலாகச் செலவாகும். லிட்டர் ரூ.100 எனக் கொண்டால், இழப்பு ரூ.2,600க்கும் அதிகம். பொதுவான மோட்டார் காப்பீட்டுப் பாலிசி, தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் ஈடுசெய்வதில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆகவே, தொட்டியை நிரப்பும் ஒவ்வொரு முறையும் ஓடிய தொலைவையும் ஊற்றிய லிட்டரையும் குறித்துவையுங்கள். மைலேஜ் தொடர்ந்து சரிவதை அக்குறிப்பேடே முதலில் அறிவித்துவிடும். சிறுசெலவில் சரிசெய்ய அதுவே தக்க தருணம்.