புதுப் பதிப்பு வந்தாச்சு: கரிசல் காட்டு டிஎம்களுக்கு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வந்த, ஆளுக்கொரு பாத்திரமேற்று கதையாக ஆடும் ஆட்டம். ஐம்பதாவது வயதில் அதன் விதிகளைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். ஆட்டக்காரர் கையேடு 2024 செப்டம்பரிலும், டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) கையேடு நவம்பரிலும், அரக்கர் புத்தகம் 2025 பிப்ரவரியிலும் வந்தன. ஆறாம் பதிப்பு என்று பெயர் வைக்கவில்லை. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் திருத்தம்தான் என்கிறார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் நாலு பேரைச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை ஆட நினைக்கிறவர்களுக்கு இந்தக் குறிப்பு.

செய்ய வேண்டியவை

• காசு போடுமுன் இலவச விதிகளைப் படியுங்கள். 2025 ஏப்ரலில் வந்த 5.2 விதித் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கிறது. அடிப்படை ஆட்டத்துக்கு அது போதும்.

• உட்கார்ந்ததும் எந்த விதி என்று பேசி முடித்துவிடுங்கள். தாயத்தில் ஊருக்கு ஊர் சட்டம் வேறு. ஓரிடத்தில் எதிராளி காயை வெட்டினால்தான் பழம் எடுக்கலாம், இன்னோரிடத்தில் அப்படிக் கிடையாது. பேசாமல் ஆரம்பித்தால் கட்டை உருள்வதற்குள் சண்டை வரும்.

• பிறப்பை விட்டு வந்த மாற்றத்தை இரு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். 2014 புத்தகத்தில் குள்ளன் என்றாலே உடலுறுதி கூடும், அரை ஓர்க் என்றாலே பலம் கூடும். பிறந்த இனம் ஆளின் திறனை முடிவு செய்தது. புதுப் பதிப்பில் அந்தக் கூடுதல் புள்ளிகள் இனத்திலிருந்து வருவதில்லை. விவசாயி, காவலாளி, வணிகர், எழுத்தர் என்று 16 பின்னணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று திறன்கள். ஒன்றை 2-உம் இன்னொன்றை 1-உம் உயர்த்தலாம், அல்லது மூன்றிலும் ஒவ்வொன்று. சாதியால் வெட்டுப்பட்ட பூமி இது. இந்த ஒரு திருத்தத்துக்காகவே புதுப் பதிப்புக்கு மாறலாம்.

• கதையை இந்த மண்ணிலேயே நடத்துங்கள். டிராகன் பனிமலையில்தான் குடியிருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வற்றிய கண்மாய், குண்டாற்று மணல், சீமைக்கருவேலங்காட்டுக்குள் புகையும் கரிமூட்டம், இவை போதாதா? ஆனால் ஒரு குறை. பழைய விதியில் ரேஞ்சர் என்ற காட்டுவீரன் பாத்திரம் ஒரு நிலத்தைத் தன் நிலமாகத் தேர்ந்துகொள்வான், புதியவனுக்கு அது இல்லை. மானாவாரி பூமியில் ஆடுகிறவர்களுக்கு இது நஷ்டம்தான். வேண்டுமானால் உங்கள் மேசையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• பின்னணியைக் குலத்தொழில் ஆக்காதீர்கள். எனக்குப் பெரிய பயம் இதுதான். நெசவாளி மகன் நெசவாளிப் பின்னணிதான் எடுப்பான், ஆடு மேய்த்தவர் பிள்ளைக்குப் புத்தி குறைவாகத்தான் இருக்கும் என்று ஒரு டிஎம் ஆரம்பித்தால், முன்வாசலில் அனுப்பியது கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். 1953-இல் வந்த குலக்கல்வித் திட்டத்தை மறு ஆண்டே கைவிட்டது காமராசர் அரசு. அவர் விருதுநகர்க்காரர். அந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு அந்தத் திட்டத்தைக் கட்டை உருட்டி ஆட வேண்டாம். பின்னணியை ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்கட்டும்.

• பாதிக் கதையில் விதியை மாற்றாதீர்கள். கையில் இருப்பதை முடித்துவிட்டு அடுத்த கதையில் மாறுங்கள்.

• பழைய புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போடாதீர்கள். பழைய கதைகளைப் புது விதியில் பெரும்பாலும் அப்படியே ஓட்டலாம். தவிர, பதிப்பு மாறினால் எல்லோரும் பின்னால் வந்துவிடுவதில்லை. 2008-இல் நான்காம் பதிப்பு வந்தபோது பிடிக்காதவர்கள் பழைய விதியிலேயே நின்றார்கள். அந்த விதியை ஒட்டி 2009-இல் பாத்ஃபைண்டர் என்று தனி ஆட்டமே வந்தது.

• கேரக்டர் ஷீட்டை இணையத்தில் மட்டும் வைக்காதீர்கள். 2024 ஆகஸ்டில், இந்த ஆட்டத்துக்கான டி அண்ட் டி பியாண்ட் தளத்தின் ஷீட்டுகளில் பழைய மந்திரங்களின் இடத்தில் புதியவை வரும் என்று அறிவித்தார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்ததும் சில நாளில் பின்வாங்கினார்கள். நோட்டில் எழுதியதை யாரும் மாற்ற முடியாது, கரண்டு போனாலும் படிக்கலாம்.

• ஆளுக்கொரு செட் வாங்காதீர்கள். அமெரிக்காவில் ஒரு புத்தகம் 49.99 டாலர். குழுவுக்கு ஆட்டக்காரர் கையேடு ஒன்று போதும். அரக்கர் புத்தகத்தை டிஎம் தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம்.