மூக்கடைப்பும் பல் வரிசையும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் சாலைக் கடைவீதி, திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசர் 18-ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்தியது. அதனைச் சார்ந்த ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மூட்டையை அவிழ்த்தால், தெருவில் போவோரும் தும்முவர். அத்தும்மல், தூசியை வெளியே தள்ளும் மூக்கின் நற்செயலே. தும்மும் பிள்ளையைப் பற்றி நாம் அஞ்ச வேண்டுவதில்லை. சளி தீர்ந்த பின்னும் மாதக் கணக்கில் வாயைத் திறந்தபடியே வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையே நம் கவனத்திற்குரியது.

மூக்கு, உட்செல்லும் காற்றை வெதுவெதுப்பாக்கி, ஈரமூட்டி, தூசியை வடிகட்டி அனுப்புகிறது. வாய்க்கு இவ்வாற்றல் மிகக் குறைவு. வாயால் மூச்சு விடுவோரின் தொண்டை காலையில் வறண்டு வலிப்பதும், அடிக்கடி புண்படுவதும் இதனாலேயே. உமிழ்நீர் உணவுத் துணுக்குகளைக் கழுவி, பல்லை அரிக்கும் அமிலத்தையும் தணிக்கிறது. அது வற்றிய வாயில் பற்சொத்தை எளிதில் தோன்றும். மேல் முன்பற்களின் ஈறு சிவந்து தடிக்கும்.

இன்னும் நுட்பமானது தாடையின் வளர்ச்சி. வாய் மூடியிருக்கையில் நாக்கு அண்ணத்தில் படிந்து, மேற்பல் வரிசையை உள்ளிருந்து தாங்குகிறது. வாய் திறந்தே இருப்பின் நாக்கு தாழ்ந்துவிடும். கன்னங்களின் அழுத்தம் மட்டுமே எஞ்சும். வளரும் பருவத்தில் இந்நிலை ஆண்டுக் கணக்கில் நீடித்தால், மேல்தாடை குறுகி, அண்ணம் உயர்ந்து, முன்பற்கள் வெளியே தள்ளக்கூடும். பல் எடுப்பாயிருப்பதால் வாய் மூடவில்லை என்று தாய்மார் கூறுவர். மூக்கு அடைபட்டதால் பல் எடுப்பானதோ என்றும் நாம் வினவ வேண்டும். பரம்பரையும் விரல் சூப்பும் பழக்கமும் பிற காரணங்களாகும்.

அடைப்பிற்குக் காரணம் ஒவ்வாமையாகவோ, மூக்கின் நடுத்தண்டு வளைவாகவோ இருக்கலாம். சிறுவரிடம் பெரும்பாலும் காணப்படுவது, மூக்கின் பின்புறம் தொண்டையின் மேற்பகுதியிலுள்ள அடினாய்டு என்னும் தசை வீங்குதலே. (சுரப்பி போன்றது என்பது இக்கிரேக்கச் சொல்லின் பொருள், உண்மையில் அது சுரப்பியன்று. எளிய தமிழ்ப் பெயர் வழக்கில் இன்மையால் இச்சொல்லையே ஆள்கிறோம்.) இந்நோயை 1868-இல் தெளிவாக விளக்கியவர் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகர மருத்துவர் வில்ஹெல்ம் மேயர். மூக்கடைப்பையும் செவிட்டுத் தன்மையையும் அவர் ஒருங்கே கண்டார். நடுச்செவிக்குக் காற்றுச் செலுத்தும் குழாயின் வாய் இத்தசையருகே திறப்பதால், வீக்கம் அதனை அடைத்துவிடும்; செவியில் நீர் தேங்கும்.

ஆசிரியர்கள் இங்குச் சற்று நிற்க வேண்டும். வாய் பிளந்து, அழைத்தால் திரும்பாமல், பகலில் தூங்கி வழியும் மாணவனை மந்தபுத்தியுடையவன் என்று கடைசிப் பலகையில் அமர்த்துகிறோம். அவனுக்குக் காது கேளாதிருக்கலாம்; இரவில் குறட்டையும் மூச்சுத்தடையும் உறக்கத்தைக் கெடுத்திருக்கலாம். உடனே செய்யத்தக்கது, அவனை முன்பலகைக்கு மாற்றுவது.

பல்லிலிருந்து மூக்கிற்கும் நோய் ஏறும். மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்ன எலும்பினுள் உள்ள காற்றறையின் தரையை ஒட்டி நிற்பவை. ஆங்கில மருத்துவர் நதானியேல் ஹைமோர் 1651-இலேயே இவ்வறையை விவரித்தார். சொத்தைப் பல்லின் சீழ் அதனுள் இறங்கினால், ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமுள்ள சளி வடியும், தொண்டைக்குள்ளும் இறங்கும். மூக்கு மருந்தால் மட்டும் அது தீராது. பல்லைக் கவனித்தாக வேண்டும். சிறு குழந்தையிடம் இதே குறி தோன்றினால், புளியங்கொட்டையோ பலப்பத் துண்டோ மூக்கில் சிக்கியிருக்கிறதா என்று ஐயுறுக. அதை வீட்டில் குடைந்தெடுக்க முயலலாகாது.

களப் பணியாளர் ஒரு சிறு கண்ணாடியைக் கையில் வைத்திருப்பது நன்று. வாயை மூடச் செய்து மூக்கின் கீழ்ப் பிடித்தால், இருபுறமும் ஆவி படிய வேண்டும். ஒருபுறம் படியாவிடினும், மிகக் குறைவாகப் படியினும் அடைப்பு உண்டென ஐயுறலாம். மூக்கடைத்த பிள்ளையின் வாயைப் பட்டையிட்டு மூடும் வழக்கம் ஆபத்தானது.

அடினாய்டு, வயது ஏற ஏறத் தானே சுருங்குவது; எல்லோருக்கும் அறுவை வேண்டியதில்லை. ஆயினும் தாடை அதுவரை காத்திராது. தள்ளிய பல் பெரும்பாலும் தானே உள்ளே திரும்புவதுமில்லை. திருவனந்தபுரத்தில் 1951-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் 1959-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியும் ஒரே வளாகத்தில் உள்ளன. எனவே பரிந்துரைச் சீட்டில் ‘பல் எடுப்பு’ என்று மட்டும் எழுதாமல், குறட்டை, கேள்விக் குறைவு, தொண்டைப் புண் ஆகியவற்றையும் குறித்து, காது மூக்கு தொண்டைப் பிரிவு, பல் பிரிவு இரண்டின் பெயரையும் எழுதுக.