சாமையும் சோலாரும்: எங்கள் வீட்டுக் கூரையில் ஒரு கணக்கு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டவுடன் கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் பரீட்சையில் மார்க் வாங்கித் தந்த ஒரு சூத்திரத்தை வைத்துக்கொண்டு வீட்டில் தோற்றுப்போன கதை என்னிடம் இருக்கிறது. நம்மில் பலரும் நாளைக்கு ஊரில் யாருக்காவது சோலார் போட்டுக் கொடுக்கப் போகிறோம். நான் செய்த தப்பை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாடு. கரண்ட் இருக்கிறது. ஆனால் காற்றோடு மழை வந்தால் எங்காவது கம்பி மேல் கிளை விழும், அன்றைக்கு இருட்டுதான். தங்கச்சி பன்னிரண்டாம் வகுப்பு. அவள் படிப்புக்காக அப்பா சாமை விற்ற காசில் 100 வாட் பேனல் ஒன்று, 12 வோல்ட் 40 ஆம்பியர்-மணி பேட்டரி, சின்ன இன்வெர்ட்டர் எல்லாம் வாங்கினார். "எவ்வளவு வாங்கணும்னு நீயே கணக்குப் போடுப்பா" என்று என்னைத்தான் கேட்டார்.

நான் போட்ட கணக்கு இதுதான்: பகல் 12 மணி நேரம். 100 வாட் × 12 = 1200 வாட்-மணி. வீட்டுத் தேவை என்ன? 7 வாட் எல்.இ.டி. பல்பு 4, தினம் 5 மணி நேரம்: 140. டி.வி. 40 வாட், 3 மணி நேரம்: 120. செல்போன் மூன்றுக்கும் சேர்த்து 36. மொத்தம் 296 வாட்-மணி. நாலு மடங்கு கரண்ட் வருதே என்று மார் தட்டிக்கொண்டேன்.

கார்த்திகை மாதம். மூன்று நாள் விடாத மழை. அரையாண்டுத் தேர்வு நேரம். ராத்திரி எட்டு மணிக்கு இன்வெர்ட்டர் 'கீ கீ' என்று கத்திவிட்டு அணைந்தது. தங்கச்சி மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டே கேட்டாள்: "அண்ணா, நீ கரண்டுக்குத்தானே படிக்கிற?"

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

பேனலில் எழுதியிருப்பது உமியோடு சேர்ந்த எடை

சாமையை அப்படியே பொங்க முடியாது. குத்தி, புடைத்து, உமியும் தவிடும் போக மிஞ்சுவதுதான் அரிசி. பேனலின் 100 வாட்டும் அப்படித்தான். சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயில், செல்லின் சூடு 25 டிகிரி என்ற சோதனைக்கூட நிலையில் அளந்த அளவு அது. நம் கூரையில் வெயில் ஏறினால் செல்லும் சூடேறும். 55 டிகிரியைத் தொடுவது சாதாரணம். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் பவர் குறையும் என்றால் 30 டிகிரிக்கு 12 சதவீதம் போச்சு!

காலை 7 மணி வெயிலும் மதியம் 12 மணி வெயிலும் ஒன்றல்ல. ஆகவே 12 மணி நேரத்தால் பெருக்கவே கூடாது. ஒரு நாள் முழுக்க விழும் வெயிலை 1000 வாட் வெயிலாகத் திரட்டினால் எத்தனை மணி நேரம் வரும் என்று பார்க்க வேண்டும். இதுதான் 'உச்ச வெயில் மணி'. தமிழ்நாட்டில் வருட சராசரி சுமார் 5 என்று வைத்துக்கொள்ளலாம்.

மல்டிமீட்டரால் வெயிலை அளக்கலாம்

பொங்கல் லீவில் ஒரு காரியம் செய்தேன். பேனலின் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் வெயிலின் அளவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். எங்கள் பேனலில் அது 6 ஆம்பியர் என்று லேபிளில் இருந்தது. பேட்டரியிலிருந்து பேனலைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்து மணிக்கு ஒரு முறை சில வினாடி அளந்தேன். (எச்சரிக்கை! பேனலை ஷார்ட் செய்யலாம், பேட்டரியை ஒருபோதும் செய்யக்கூடாது. கம்பி உருகிவிடும்.)

காலை 7 மணி முதல் மதியம் 2 மணி வரை கிடைத்த ரீடிங்: 0.3, 1.5, 3.0, 4.1, 4.9, 5.3, 5.2, 4.7. கூட்டினால் 29. அதன் பிறகு 3 மணிக்கு 0.9, 4 மணிக்கு 0.6, 5 மணிக்கு 0.3 என்று தொப்பென்று விழுந்தது. வானம் தெளிவாகத்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், பேனலின் ஒரு மூலையில் எங்கள் பலா மரத்து நிழல்!

ஒரு மூலை நிழலுக்கு இவ்வளவா? ஆமாம். பேனலில் 36 செல்கள் வரிசையாக சீரிஸில் இருக்கின்றன. திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அணைகிறதல்லவா? அதுபோல நிழல் பட்ட செல் மற்ற செல்களின் கரண்டையும் மறிக்கும். மறுநாள் பேனலைக் கூரையின் மறு ஓரத்துக்கு மாற்றி, தெற்கு பார்த்து 15 டிகிரி சாய்த்து அளந்தேன். 3, 4, 5 மணிக்கு 3.9, 2.8, 1.3 வந்தது. முதல் நாள் மொத்தம் 30.8 ÷ 6 = 5.1 உச்ச வெயில் மணி. இடம் மாற்றியபின் 37 ÷ 6 = 6.2. காசு செலவில்லாமல் ஒரு மணி நேர வெயில் லாபம்!

ஆம்பியரைப் பிடித்துக்கொண்டு போங்கள்

எங்களிடம் இருப்பது விலை குறைந்த பி.டபிள்யூ.எம். வகை சார்ஜ் கன்ட்ரோலர். பேனல் 18 வோல்ட்டில் 5.56 ஆம்பியர் தரும்போதுதான் 100 வாட். இந்தக் கன்ட்ரோலர் பேனலைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். 13 × 5.56 = 72 வாட்தான்! எம்.பி.பி.டி. வகையாக இருந்தால் இந்த நஷ்டம் குறைவு. நம்மிடம் இல்லையே! ஆகவே வாட்டை விட்டுவிட்டு ஆம்பியரைக் கணக்கிட வேண்டும். சூட்டால் குறைவது பெரும்பாலும் வோல்ட்தான், ஆகையால் அந்த 12 சதவீதத்தை இங்கே மறுபடி கழிக்கத் தேவையில்லை.

சராசரி நாள்: 5.56 × 5 = 27.8 ஆம்பியர்-மணி.
தூசிக்கு 5 சதவீதம் கழித்தால் 26.4.
பேட்டரி நஷ்டம் 10 சதவீதம் போக 23.8.
12 வோல்ட்டால் பெருக்கினால் 285 வாட்-மணி.
இன்வெர்ட்டர் நஷ்டம் 15 சதவீதம் போக 242.

நான் சொன்னது 1200, கைக்கு வந்தது 242. தேவையோ 296. நல்ல வெயில் காலத்திலேயே பற்றாக்குறை! மழையில் அணையாமல் என்ன செய்யும்?

மழை நாளுக்குத்தான் கணக்கு

எங்கள் மலைத்தொடரிலேயே, காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. அத்தனை பெரிய கருவியும் மேகம் மூடினால் சும்மா இருக்க வேண்டியதுதான். நம் 100 வாட் எம்மாத்திரம்! கரண்ட் போவதும் மழை நாளில், வெயில் குறைவதும் மழை நாளில். சராசரியை நம்பி வீட்டுக்குச் சோலார் போடுவது ஆற்றின் சராசரி ஆழத்தைக் கேட்டுவிட்டு இறங்குவது மாதிரி.

எனவே 5-ஐ 2.5 ஆக்கினேன். 5.56 × 2.5 = 13.9. தூசி, பேட்டரி நஷ்டம் போக 11.9 ஆம்பியர்-மணி, அதாவது 143 வாட்-மணி. இதற்குள் குடும்பம் நடத்த வேண்டும். டி.வி.யை வெட்டினேன். (அம்மாவுக்கு வருத்தம்தான். லைன் கரண்ட் இருக்கும்போது பார்க்கலாம் என்று சமாதானம்.) இன்வெர்ட்டரை ஒதுக்கிவிட்டு 12 வோல்ட் டி.சி. எல்.இ.டி. விளக்குகள் மாட்டினேன். 7 வாட், 3 விளக்கு, 5 மணி நேரம்: 105. செல்போன் 36. மொத்தம் 141. உள்ளே அடங்கிவிட்டது!

143-க்கு 141 என்பது விளிம்புதான். வானம் அடியோடு இருண்டால் 2.5-கூடக் கிடைக்காது. அதற்குத்தான் பேட்டரி. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும். 40-ல் பாதி 20 ஆம்பியர்-மணி. ஒரு இரவுக்கு வேண்டியது 12. வெயிலே இல்லாவிட்டாலும் ஒன்றரை இரவு தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் இன்னொரு பேனல் வாங்கியே ஆக வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இந்த முறை மார் தட்டவில்லை.

பங்குனியில் ஒரு சாயங்காலம், தங்கச்சிக்கு மறுநாள் இயற்பியல் பரீட்சை. காற்றும் மழையும் வந்து கரண்ட் போனது. பத்தரை மணி வரை விளக்கு எரிந்தது, அவளே அணைத்துவிட்டுத் தூங்கினாள். என்னைப் பாராட்டி ஒன்றும் சொல்லவில்லை. மெழுகுவத்தியைத் தேடவில்லை, அது போதும்.

நண்பர்களே! யாராவது உங்களிடம் "எத்தனை வாட் போடணும்?" என்று கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள். "மழை நாள் ராத்திரி உங்களுக்கு எந்த விளக்கு கட்டாயம் எரியணும்?" என்று திருப்பிக் கேளுங்கள். பிறகு கூரை மேல் ஏறி நிழலைப் பாருங்கள். அதற்கு அப்புறம் கால்குலேட்டரை எடுங்கள்.

— மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை