வயலை எப்படிப் பிரித்தார்கள் என்று கேள்

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சொந்த ஊரைப் பற்றி எழுதிவரச் சொன்னார்கள், நம் ஊரில் கோட்டையும் இல்லை, கல்வெட்டும் இல்லை, நாலு தெருவும் ஓர் ஏரியும்தான், எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறாய். ராஜா வந்துபோன ஊருக்குத்தான் வரலாறு என்று நீ நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உழுது பிழைக்கிற ஊரின் வரலாறு வயலில் கிடக்கிறது. நிலத்தை யாருக்கு எப்படிப் பிரித்தார்கள் என்று கேட்டுப் பார், அது பேசத் தொடங்கும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது இங்கிலாந்தில் உள்ள ஒரு சிற்றூர். நாட்டிங்காம்ஷயரில் இருக்கிறது, பெயர் லாக்ஸ்டன். கனத்த களிமண் பூமி. குடியானவர்களின் வீடுகள் பெரும்பாலும் ஒரே தெருவில் நெருக்கமாக நிற்கின்றன. அவரவர் நிலத்தில் அவரவர் வீடு கட்டிக்கொள்ளாதது ஏன்? யாருடைய நிலமும் ஒரே இடத்தில் இல்லை, அதனால்தான். ஊரைச் சுற்றி மேற்கு வயல், தெற்கு வயல், காற்றாலை வயல் என்று மூன்று பெரிய வயல்கள். உள்ளே வேலி கிடையாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்றிலும் நீள நீளமான துண்டுகள் சிதறிக் கிடக்கும். ஒரு வயலில் கோதுமை, அடுத்ததில் வேறு பயிர், மூன்றாவது தரிசு. ஆண்டுதோறும் இந்த முறை சுழலும். ஒருவருடைய நிலம் முழுக்க ஒரே வயலில் இருந்தால், அது தரிசாகக் கிடக்கும் ஆண்டில் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. மேடும் பள்ளமும், நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லோருக்கும் பங்காக வரவேண்டும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

1635இல் ஊருக்குச் சொந்தக்காரரான சர் வில்லியம் கோர்ட்டனுக்காக மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் ஒரு படம் வரைந்தார். ஆயிரக்கணக்கான துண்டுகளைத் தனித்தனியாகக் காட்டும் படம் அது. ஏர் ஓட்டுகிறவர்களையும் கதிர் அறுக்கிறவர்களையும் அதில் குட்டி குட்டியாக வரைந்திருக்கிறார். இன்று அது ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

படத்தை விட எனக்குப் பிடித்தது ஊரின் வழக்கம். நவம்பர் கடைசியில், கோதுமை விதைத்த வயலை ஊர்க்காரர்களே ஒரு ஜூரியாகச் சேர்ந்து சுற்றி வருவார்கள். பாதையை உழுதவர் யார், பொதுப் புல்தரையைக் கொஞ்சம் கொறித்தவர் யார் என்று பார்த்து, எல்லையில் முளை அடிப்பார்கள். ஒரு வாரம் கழித்து ஊர் மன்றம் கூடி அபராதம் விதிக்கும். இது இன்றும் நடக்கிறது. உழ முடியாத ஈரத் தாழ்வுகளில் வளரும் புல்லை ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். நம் ஏரியில் மீன் ஏலம் போவது போலத்தான்.

இங்கிலாந்து முழுவதும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட ஊர்கள் ஏராளம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றம் ஆயிரக்கணக்கான சட்டங்கள் போட்டு அவற்றை வேலிக்குள் அடைத்தது. கையில் பத்திரம் இல்லாத ஏழைகள் மாடு மேய்க்கும் உரிமையை இழந்தார்கள். லாக்ஸ்டன் தப்பியதற்கு அங்கிருந்த இரண்டு பெரிய நிலக்கிழார்களுக்குள் ஒத்துப்போகாததே காரணம் என்பார்கள். 1952இல் அரசே ஊரை வாங்கி, அந்த முறை அழியாமல் பார்த்துக்கொண்டது.

இந்த லாக்ஸ்டனைப் பற்றி 1907இல் எழுதியவர்களில் ஒருவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அவர்தான் பின்னால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். வந்தவர் மாணவர்களைத் தங்களுக்குத் தெரிந்த கிராமங்களுக்கு அனுப்பி, வீடு வீடாக விசாரித்து எழுதிவரச் சொன்னார். 1918இல் அது புத்தகமாயிற்று. இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் எல்லாம் இன்றும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்வரும் ஊர்களானது அப்படித்தான். எழுதியவர்கள் உன்னை விடச் சில வயதே மூத்தவர்கள் என்பதை மறந்துவிடாதே.

நம் செங்கல்பட்டுச் சீமையிலும் நிலம் பொதுவாக இருந்த ஊர்கள் உண்டு. காணியாட்சி, அதாவது பரம்பரை நில உரிமை, உள்ளவர்களுக்குப் பங்கு இருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குலுக்கிப் போட்டு, யாருக்கு எந்த நிலம் என்று மாற்றிக்கொள்வார்கள். கரையீடு என்று பெயர். நல்ல வயல் ஒரே கையில் தங்கக்கூடாது என்ற அதே கணக்கு. ஆனால் ஒன்றை விட்டுவிடாமல் எழுது: அந்தக் குலுக்கலில் பங்கு காணியாட்சிக்காரருக்கு மட்டும்தான். சேற்றில் இறங்கி ஏர் பிடித்த பண்ணையாளுக்கு இல்லை. நியாயமான பங்கீடு என்று பாராட்டிவிட்டு அவர்களை மறந்தால் நீ எழுதுவது பாதி ஊர்தான்.

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் இந்தச் சீமையில் சுமார் 2,000 ஊர்களை அளந்தார். வீடு, தொழில், ஏரி, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் ஓலையில் தமிழில் எழுதப்பட்டன. நம் ஊரும் அதில் இருக்கும் என்றே நம்புகிறேன். அடுத்த முறை நீ சென்னை வரும்போது ஆவணக் காப்பகத்துக்கு உன்னை அழைத்துப்போய்த் தேடிப் பார்க்கலாம்.

அதற்கு முன் இந்த வாரம் செய்ய வேண்டியது: கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தையும் அடங்கலையும் காட்டச் சொல்லிக் கேள். அதில் வயலுக்குப் பெயர் இருக்காது, நம்பர்தான் இருக்கும். அந்த நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் உன் தாத்தாவோடு நட. கலங்கலில் தொடங்கி மதகு வரைக்கும் போ. ஒவ்வொரு வயலையும் அவர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று நம்பருக்குப் பக்கத்தில் எழுது. பிறகு காலனிக்குப் போய், களை எடுக்கப் போன பாட்டிகளிடம் அதே வயல்களுக்குப் பெயர் கேள். இரண்டு பட்டியலிலும் பெயர்கள் மாறியிருந்தால் எதையும் திருத்தாமல் அப்படியே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அத்தை