அத்திவாரம் வெட்டுமுன் அளந்து பாருங்கள்

வீட்டைச் சற்றுப் பெரிதாகக் கட்டிவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் இந்திய வீட்டுத்திட்டத்தில் 550 சதுர அடி வீட்டுக்கென அன்று ஒதுக்கப்பட்ட 550,000 ரூபா, 700 சதுர அடிக்கு அத்திவாரம் போட்டாலும் கூடவில்லை; எந்த வீட்டுத்திட்டத்திலும் ஒதுக்கிய தொகை அத்திவாரத்தைப் பார்த்துக் கூடப்போவதில்லை. குறைவது கூரைக்கான காசுதான். சுவர் எழும்பிய பின்னும் தறப்பாளின் கீழ் மாரியைக் கழிக்க நேர்வது இப்படித்தான்.

ஆகவே நிலம் வெட்டுமுன் மேசனுடன் இருந்து ஒவ்வொரு சுவராக அளந்து எழுதுங்கள். 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் உள்ள சீமெந்துக் கல்லென்றால், 10 அடி நீளம் 9 அடி உயரமான சுவருக்கு ஏறக்குறைய 100 கல் வேண்டும். கதவு, யன்னல் இடத்தைக் கழியுங்கள். உடைவுக்குச் சிறிது கூட்டுங்கள்.

ஏமாறுவது மணலில்தான் அதிகம். ஒரு கியூப் என்பது 100 கன அடி. உழவு இயந்திரப் பெட்டி 10 அடி நீளம், 5 அடி அகலமென்றால், மணல் 2 அடி உயரத்துக்கு நிற்க வேண்டும். ஒன்றரை அடி நின்றால் அது முக்கால் கியூப். காசையும் அதற்கே கொடுங்கள். மணலைப் பறிக்கமுன் அளவுநாடாவை நீங்களே பிடியுங்கள். சாரதி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கூரை மரமும் ஓடும் என்ன விலையென்று இன்றே கேட்டு, அந்தத் தொகையை முதலில் எழுதி ஒதுக்குங்கள். சுவரின் நீளத்தை மிச்சக் காசுக்குள் தீர்மானியுங்கள்.