பொதிகை மலைக்கு எந்த ஜெர்க்கின்?

பாபநாசத்துக்கு மேலே இரண்டு மழை உண்டு. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து மலை தாண்டி வருவது சாரல். தூறல்தான் என்றாலும் காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, நின்று கொட்டும். மாநில மழைக் கணக்கில் இந்தப் பக்கத்து ஊத்து, நாலுமுக்கு ஆகிய மலையிடங்கள் அடிக்கடி முதலிடத்துக்கு வருவது அப்போதுதான். எந்த மழைக்குப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கடையில் எண்களைக் காட்டுவார்கள். 5,000 மி.மீ. என்றால், துணிமேல் அத்தனை உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்று பொருள். சாரலுக்கு அது தாராளம். அடைமழையில் பையோடு நடப்பவர்கள் 10,000க்குக் குறைந்து வாங்க வேண்டாம், பைவார் அழுத்தும் தோளில்தான் முதலில் ஈரம் இறங்கும்.

வியர்வை ஆவியை வெளியேற்றும் திறன் இன்னொரு எண். இதற்காகத்தான் பலர் கூடுதலாகப் பணம் கொடுக்கிறார்கள், நம் மலையில் ஏமாறுவதும் இதில்தான். 1969இல் அமெரிக்காவின் பாப் கோர் கண்டுபிடித்த கோர்-டெக்ஸ் சவ்வில் உள்ள நுண்துளைகள் ஆவியை விடும், நீர்த்துளியை விடாது. ஆனால் ஆவி வெளியேற வேண்டுமானால், உள்ளே இருப்பதைவிட வெளியே ஈரம் குறைவாக இருக்க வேண்டும். இமயமலையின் குளிர்ந்த உலர்காற்றில் அப்படி இருக்கும். காரையாறு காட்டில் மழை நேரத்தில் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. கொஞ்ச தூரம் ஏறியதுமே சட்டை முதுகோடு ஒட்டும். ஜெர்க்கின் ஒழுகுகிறது என்று நினைப்போம், நனைத்தது நம் வியர்வை. எனவே அந்த எண்ணைவிட அக்குளில் ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் திறந்துவிட்டால் கிடைக்கும் காற்றோட்டத்தை எந்தச் சவ்வும் தராது.

அடைமழைக்கு என் தேர்வு போஞ்சோ. பையையும் சேர்த்து மூடும், கீழே திறந்திருப்பதால் புழுங்காது. சாரல் காற்றிலோ அது தூக்கிக்கொண்டு முகத்தில் அடிக்கும், ஒற்றையடிப் பாதையில் பிரம்பு முள் பிடித்து இழுக்கும். அங்கே 300 கிராம் அளவிலான இரண்டரை அடுக்கு (துணி, சவ்வு, உள்ளே மெல்லிய பூச்சு) ஜெர்க்கின்தான் சரி. பி.வி.சி. ரெயின்கோட் பைக்குக்கு நல்லது, ஏற்றத்துக்கு ஆகாது.

வாங்கும்முன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு தையல்மேலும் டேப் ஒட்டியிருக்க வேண்டும், குறிப்பாகத் தலைமூடி கழுத்தோடு சேரும் இடத்தில். ஈரத்தோடு மடித்து பீரோவில் வைத்தால், உள்ளே பூசிய பாலியூரித்தேன் நாளடைவில் பிசுபிசுத்து உரிந்துவிடும். நிழலில் உலர்த்தி வையுங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அக்குள் ஜிப் வைத்த 10,000 மி.மீ. ஜெர்க்கினை வாங்குங்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மெல்லிய பிளாஸ்டிக் கோட் ஒரு நாள்கூடத் தாங்காது. கிழிந்ததை ஆற்றில் விடாமல் விக்கிரமசிங்கபுரம் வரை கொண்டுவந்து குப்பைத் தொட்டியில் போடுங்கள்.