தாத்தாவின் நாடியை எண்ணுங்கள்

மாணவர்களே! இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்ணும் தாத்தாவுக்கு அடிக்கடி தலை சுற்றுகிறதா? முதுமைதான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள். அவர் மணிக்கட்டில் விரல் வைத்து, ஒரு நிமிடம் முழுவதும் நாடித் துடிப்பை எண்ணுங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை இருப்பது இயல்பு.

இதயத்தின் வலது மேலறையிலுள்ள சைனஸ் கணு எழுப்பும் மின்துடிப்புகளே இதயத்தை இயக்குகின்றன. அட்ரினலின் அக்கணுவை முடுக்குகிறது. அட்டெனலால் என்னும் மருந்து அட்ரினலினின் செயலைத் தடுத்து, துடிப்பின் வேகத்தைக் குறைக்கிறது. முதுமையில் கணு தளர்கிறது; அம்மருந்தை வெளியேற்றும் சிறுநீரகமும் தளர்கிறது. ஆகவே மருந்து உடலில் தேங்கி, துடிப்பு அளவுக்கு மீறிக் குறையலாம்; மயக்கமும் வரலாம்.

எண்ணிக்கை 50க்குக் கீழே இருந்து, தலைசுற்றலும் இருந்தால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் மாரடைப்பும் நேரலாம்.